அத்தியாயம் 7: எலெக்ட்ரிக் கிட்டாருக்கு வயர்லெஸ் - மேடையைப் பார்த்து வாங்குங்கள்

வயர்லெஸ் வாங்கப் போகிறவர்கள் பெரும்பாலும் பெட்டியின் மேல் அச்சிட்டிருக்கும் தூரத்தைப் பார்த்துத்தான் முடிவெடுக்கிறார்கள். 30 மீட்டர், 60 மீட்டர் என்று போட்டிருக்கும். திறந்த வெளியில், குறுக்கே ஆளோ சுவரோ இல்லாதபோது கிடைக்கும் தூரம் அது. நீங்கள் வாசிக்கப் போவதோ கல்யாண மண்டபத்தில், கல்லூரிக் கலைவிழாவில், சர்ச்சில், திருவிழா மேடையில். அங்கே நூற்றுக்கணக்கான கைப்பேசிகள் இருக்கும். பாடகர்களின் வயர்லெஸ் மைக்குகள், மிக்சர்காரரின் வைஃபை ரூட்டர், ஜெனரேட்டர் கரண்ட் எல்லாம் இருக்கும். அதனால் இந்த அத்தியாயம் மேடையிலிருந்து தொடங்குகிறது. மேடைக் கணக்கைச் சரியாகப் போட்டுவிட்டால் கடையில் அடுக்கியிருக்கும் மாடல்களில் முக்கால்வாசி தானாகவே கழன்றுவிடும்.

இரண்டு பெயர்களை மட்டும் நினைவில் வையுங்கள். கிட்டாரில் மாட்டுவது டிரான்ஸ்மிட்டர். பெடலுக்கோ ஆம்புக்கோ முன்னால் இருப்பது ரிசீவர்.

## முதலில், உங்களுக்குத் தேவையா?

கீழே உள்ளவற்றில் இரண்டுக்காவது "ஆம்" என்றால் வாங்கலாம்:

1. வாசிக்கும்போது மேடையில் இடம் மாறுகிறீர்கள், அல்லது கூட்டத்துக்குள் இறங்குகிறீர்கள்.
2. பாடகர்களும் நடனக் கலைஞர்களும் உங்கள் கேபிளைத் தாண்டித்தான் போகவேண்டியிருக்கிறது.
3. ஒலி எப்படிப் போகிறது என்று அரங்கின் நடுவில் நின்று வாசித்தபடியே கேட்க விரும்புகிறீர்கள்.
4. ஒரே நிகழ்ச்சியில் அடிக்கடி கிட்டார் மாற்றுகிறீர்கள்.

ஸ்டூலில் உட்கார்ந்து, ஆம்புக்கு மூன்று மீட்டருக்குள் வாசிப்பவருக்கு வயர்லெஸ் அவசியமில்லை. அந்தப் பணத்தில் முதலில் இரண்டு நல்ல கேபிள், ஒரு டியூனர், ஸ்ட்ராப் லாக் வாங்குங்கள்.

## படி 1: மேடைக் கணக்கு

ஒரு தாளில் இந்த ஆறு விவரங்களையும் எழுதுங்கள். கடைக்குப் போகும்போது தாள் சட்டைப் பையில் இருக்கட்டும்.

1. தூரம். நீங்கள் போகும் அதிகபட்ச தூரம், ரிசீவரிலிருந்து மீட்டரில். சாதாரண மண்டப மேடையில் இது 10 மீட்டரைத் தாண்டுவது அபூர்வம். பெட்டியில் போட்டிருப்பது இதைப்போல் மூன்று மடங்காவது இருக்கவேண்டும்.
2. மற்ற வயர்லெஸ்கள். மைக்குகள், காதில் மாட்டும் மானிட்டர்கள், இன்னொரு கிட்டார், பேஸ். மொத்தம் எத்தனை, எந்த அலைவரிசை?
3. வைஃபை. மிக்சரை டேப்லெட்டில் இயக்குகிறார்களா? ரூட்டர் எங்கே இருக்கிறது?
4. நேரம். சவுண்ட் செக்கில் தொடங்கிக் கடைசிப் பாட்டு வரை எத்தனை மணி நேரம்? மெல்லிசைக் கச்சேரி என்றால் ஐந்து, ஆறு மணி நேரம் என்று வையுங்கள்.
5. கிட்டார். ஜாக் எந்த இடத்தில், எந்தக் கோணத்தில் இருக்கிறது? பிக்கப் பேட்டரி போட்டு இயங்கும் ஆக்டிவ் வகையா, பேட்டரி இல்லாத பாஸிவ் வகையா?
6. கிட்டாருக்குப் பிறகு வருவது. நேராக ஆம்பா, பெடல்போர்டா, டிஜிட்டல் பிராசஸரா?

## படி 2: அலைவரிசையை முடிவு செய்யுங்கள்

பிராண்டைப் பார்ப்பதற்கு முன் செய்யவேண்டிய முடிவு இது. கிட்டாருக்குக் கிடைப்பவை பெரும்பாலும் மூன்று வகை.

2.4 கிகாஹெர்ட்ஸ். பாஸ் டபிள்யூஎல்-20, லைன் 6 ரிலே ஜி10, எக்ஸ்வைவ் யூ2 ஆகியவை இந்த வகை. உலகின் பெரும்பாலான நாடுகளில் இதற்கு உரிமம் வேண்டாம். இந்தியாவிலும் 2400 முதல் 2483.5 மெகாஹெர்ட்ஸ் வரை 2005 முதல் உரிம விலக்கில் இருக்கிறது. வெளிநாட்டுக் கச்சேரிக்கும் அப்படியே எடுத்துப் போகலாம். ஆனால் வைஃபையும் புளூடூத்தும் இதே இடத்தில்தான் இயங்குகின்றன. சின்ன மேடை, ஒன்றிரண்டு செட் என்றால் இதுவே போதும். ஒரே மேடையில் நான்கைத் தாண்டினால் நெருக்கடி தொடங்கிவிடும்.

5.8 கிகாஹெர்ட்ஸ். கைப்பேசிக் கூட்டத்தின் தொந்தரவு இங்கே குறைவு. இந்தியாவில் 5725 முதல் 5875 மெகாஹெர்ட்ஸ் வரை 2018 முதல் உரிம விலக்கு உண்டு. ஆனால் இந்த அலை தடைகளைத் தாண்டுவதில் பலவீனமானது. டிரான்ஸ்மிட்டரும் ரிசீவரும் ஒன்றையொன்று நேராகப் "பார்த்துக்கொண்டு" இருக்கவேண்டும். நுக்ஸ் சி-5ஆர்சி இந்த வகை. ஷூர் ஜிஎல்எக்ஸ்டி16+ இரண்டு அலைவரிசைகளையும் பயன்படுத்தும்.

யு.எச்.எஃப். சில நூறு மெகாஹெர்ட்ஸில் இயங்குவது. பாடகர்களின் நல்ல மைக்குகள் பெரும்பாலும் இங்கேதான் இருக்கின்றன. அலைநீளம் அரை மீட்டர் அளவில் இருப்பதால் ஆள் குறுக்கே வந்தாலும் 2.4 அளவுக்குத் தடுமாறாது. பெரிய மேடைக்கும் பல செட் ஒன்றாக ஓடும் இடத்துக்கும் ஏற்றது. ஆனால் அலைவரிசையை ஒருவர் உட்கார்ந்து திட்டமிட்டே ஆகவேண்டும். இரண்டு டிரான்ஸ்மிட்டர்கள் அருகருகே இயங்கும்போது இல்லாத மூன்றாவது அலையும் நான்காவது அலையும் பிறக்கும். 606.0, 606.4 மெகாஹெர்ட்ஸில் இரண்டு பேர் இருந்தால் 605.6-இலும் 606.8-இலும் பேய் அலைகள் எழும். அந்த இடத்தில் மூன்றாவது மைக்கை வைத்தால் கரகரப்புதான். அதனால் இஷ்டத்துக்கு எண்ணைத் தேர்ந்தெடுக்காதீர்கள். நிறுவனம் தரும் குழு-சேனல் பட்டியலிலிருந்தே, எல்லாரும் ஒரே குழுவுக்குள், எடுத்துக்கொள்ளுங்கள்.

> எச்சரிக்கை: பழைய யு.எச்.எஃப் செட். இரண்டாம் கையில் சல்லிசாக வந்தால் அடியில் ஒட்டியிருக்கும் அலைவரிசை எண்ணை முதலில் படியுங்கள். அமெரிக்காவில் 700 மெகாஹெர்ட்ஸ் பகுதியில் வயர்லெஸ் மைக்குகள் 2010 ஜூனிலும், 600 மெகாஹெர்ட்ஸின் பெரும்பகுதியில் 2020 ஜூலையிலும் தடை செய்யப்பட்டன. அங்கே பயனற்றுப்போனது இங்கே விலை மலிவாக வந்து சேரலாம். இந்தியாவில் 700 மெகாஹெர்ட்ஸ் 2022 ஏலத்தில் 5ஜி சேவைக்குப் போய்விட்டது. புதிய யு.எச்.எஃப் வாங்கினாலும் அது இந்தியாவுக்கான மாடல்தானா, உரிம நிலை என்ன என்பதை விற்பவரிடம் எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.

டிஜிட்டலா, அனலாக்கா? 2.4, 5.8 செட்டுகள் எல்லாம் ஏறக்குறைய டிஜிட்டல்தான். யு.எச்.எஃபில் இரண்டும் உண்டு. எல்லை தாண்டும்போது அனலாக் செட்டில் இரைச்சல் மெல்ல ஏறும். உங்களுக்கு எச்சரிக்கை கிடைக்கும். டிஜிட்டல் கடைசி வரை சுத்தமாக ஒலித்துவிட்டுச் சட்டென்று அறுந்துபோகும். எனவே டிஜிட்டல் செட்டின் எல்லையை ஒத்திகையிலேயே நடந்து பார்த்துத் தெரிந்துகொள்ளவேண்டும்.

## படி 3: எந்த வடிவம்?

ஜாக்கில் நேரடியாகச் செருகும் வகை. சின்னது, கேபிளே கிடையாது, ஒரு நிமிடத்தில் தயார். ஆனால் எல்லா ஜாக்கிலும் உட்காராது. ஸ்ட்ராட்டோகாஸ்டரின் சாய்ந்த குழி ஜாக், டெலிகாஸ்டரின் பக்கவாட்டுக் கிண்ண ஜாக், சில ஐபனீஸ் கிட்டார்களின் உள்வாங்கிய ஜாக் ஆகியவற்றில் தடித்த டிரான்ஸ்மிட்டர் முட்டி நிற்கலாம். உங்கள் கிட்டாரைக் கடைக்கு எடுத்துப்போய் மாட்டிப் பார்க்காமல் இந்த வகையை வாங்கவே கூடாது. ஆக்டிவ் பிக்கப் கிட்டாரில் சில செருகு வகைகள் இரைச்சல் தரும். அதையும் அங்கேயே கேட்டுவிடுங்கள்.

பெல்ட்பேக் வகை. டிரான்ஸ்மிட்டர் ஸ்ட்ராப்பிலோ இடுப்பிலோ இருக்கும். அதிலிருந்து சிறு கேபிள் கிட்டாருக்கு வரும். எந்த ஜாக்குக்கும் பொருந்தும், பேட்டரி பெரியது, அடி தாங்கும். வாரம் தவறாமல் மேடை ஏறுபவருக்கு இதுவே நல்லது. சிறு கேபிள்தான் முதலில் பழுதாகும் பாகம். செட் வாங்கும் அன்றே இன்னொன்று வாங்கி வையுங்கள்.

ரிசீவர். செருகு வகை ரிசீவர் சிறியதுதான், ஆனால் பெடலின் ஜாக்கில் தொங்கிக்கொண்டிருக்கும். கால் பட்டால் முறியும். பெடல் வடிவ ரிசீவர், உதாரணமாக பாஸ் டபிள்யூஎல்-50 அல்லது ஷூர் ஜிஎல்எக்ஸ்டி16, போர்டில் உறுதியாக உட்காரும். ரேக் வகை ஆம்பின் மேல் உயரத்தில் இருக்கும். ஆன்டெனா நன்றாக வேலை செய்யும்.

> குறிப்பு. பெடல்போர்டு மேடையின் முன் விளிம்பில், அதாவது ரசிகர்களின் கைப்பேசிகளுக்கு மிக அருகில் இருக்கிறது. கூட்டம் நெருங்கி நிற்கும் கச்சேரிகளில் 2.4 ரிசீவரைப் பின்னால், ஆம்பின் மேல் வைத்து, அங்கிருந்து போர்டுக்கு ஒரு கேபிள் இழுத்தால் தொல்லை குறையும்.

## படி 4: ஒலி மாறும், தயாராகுங்கள்

பாஸிவ் பிக்கப்பில் கேபிளும் ஒலியின் ஒரு பகுதி. சாதாரணக் கிட்டார் கேபிளில் மீட்டருக்குச் சுமார் 100 பிக்கோஃபாரட் மின்தேக்கம் இருக்கும். ஆறு மீட்டர் கேபிள் என்றால் சுமார் 600. அது மேல் ஸ்தாயியைக் கொஞ்சம் மழுக்கும். வயர்லெஸில் அந்த மழுங்கல் இல்லாததால் ஒலி கூர்மையாகக் கேட்கும். புதிதாக வாங்கியவர்கள் "சத்தம் காதைக் குத்துது" என்று சொல்வது இதனால்தான்.

சரிசெய்ய இரண்டு வழிகள் உண்டு; மூன்றாவதாகச் சொல்லப்படுவது பலிக்காது:

1. கேபிள் ஒலியைப் போலவே தரும் வசதி சில செட்டில் இருக்கிறது. பாஸ் டபிள்யூஎல்-20-இல் உண்டு. ஆக்டிவ் பிக்கப்புக்கும் அகூஸ்டிக்குக்கும் ஏற்ற டபிள்யூஎல்-20எல் மாடலில் கிடையாது. எழுத்து ஒன்றுதான் வித்தியாசம், பார்த்து வாங்குங்கள்.
2. அந்த வசதி இல்லையென்றால் கிட்டாரின் டோன் குமிழைச் சற்றுக் குறையுங்கள், அல்லது ஆம்பின் டிரெபிளை.
3. ரிசீவரிலிருந்து ஆம்புக்கு நீளமான கேபிள் போட்டால் சரியாகும் என்பார்கள். ஆகாது. பிக்கப்பின் ஒலியை மாற்றும் கேபிள் பிக்கப்போடு நேரடியாக இணைந்திருக்கவேண்டும்.

ஃபஸ் பெடல் வைத்திருப்பவர்களுக்கு. பழைய பாணி ஃபஸ் ஃபேஸ் வகைகள் பிக்கப்பை நேரடியாகத் தொட்டால்தான் சரியாக நடந்துகொள்ளும். நடுவில் வயர்லெஸ் வந்தால் வால்யூமைக் குறைத்து ஒலியைச் சுத்தமாக்கும் வித்தை பலிக்காது. உங்கள் பாணியே அதுதான் என்றால் அந்தப் பாட்டுகளுக்குக் கேபிளே போடுங்கள்.

அனலாக் செட் ஒலியை அமுக்கி அனுப்பி மறுபடி விரிக்கும். அதில் ஒலியின் நிறம் கொஞ்சம் மாறும். ஏசி/டிசி குழுவின் ஆங்கஸ் யங் 1970-களின் பிற்பகுதியில் பயன்படுத்திய ஷேஃபர்-வேகா வயர்லெஸ் அப்படி ஒலியை மாற்றியது பலருக்குப் பிடித்துப்போய், இன்று அந்த ஒலியை மட்டும் தரும் பெடல்களே விற்பனைக்கு இருக்கின்றன. விரும்பி ஏற்றால் அது அழகு. அந்த ஒலி வேண்டாம் என்பவர் டிஜிட்டலை எடுத்துக்கொள்ளலாம்.

அளவைச் சமப்படுத்துதல். கேபிளில் ஒருமுறை, வயர்லெஸில் ஒருமுறை அதே ஸ்ட்ரம் வாசியுங்கள். இரண்டும் ஒரே சத்தத்தில் வரும்வரை டிரான்ஸ்மிட்டரின் உள்வாங்கும் அளவைச் சரிசெய்யுங்கள். வலுவான ஹம்பக்கர் அல்லது ஆக்டிவ் பிக்கப் இருந்தால், எவ்வளவு பலமாக அடித்தாலும் சிவப்பு விளக்கு எரியக்கூடாது. எரிந்தால் டிரான்ஸ்மிட்டரில் குறையுங்கள். ஆம்பில் குறைப்பதில் பயனில்லை.

## படி 5: தாமதத்தைக் கூட்டிப் பாருங்கள்

டிஜிட்டல் வயர்லெஸ் ஒலியைச் சில மில்லி விநாடிகள் தாமதமாகத் தரும். பாஸ் டபிள்யூஎல்-20-க்கு அதன் நிறுவனம் சொல்லும் அளவு 2.3 மில்லி விநாடி. எக்ஸ்வைவ் யூ2-க்கு 6-க்குள். காற்றில் ஒலி ஒரு மில்லி விநாடியில் சுமார் 34 சென்டிமீட்டர்தான் போகிறது. எனவே 2.3 என்பது ஆம்பிலிருந்து முக்கால் மீட்டர் தள்ளி நிற்பதற்குச் சமம். 6 என்பது இரண்டு மீட்டர். தனியாக இதில் யாருக்கும் சிரமமில்லை.

எல்லாம் சேரும்போதுதான் சிக்கல் வரும். வயர்லெஸ், டிஜிட்டல் பிராசஸர், டிஜிட்டல் மிக்சர், காதுக்கு வரும் டிஜிட்டல் மானிட்டர் ஒவ்வொன்றும் தன் பங்கைச் சேர்க்கும். மொத்தம் 10 மில்லி விநாடியை நெருங்கினால் வேகமான ரிதம் வாசிப்பவரின் கை "ஏதோ இழுக்குது" என்று உணரத் தொடங்கும். பிராசஸரும் காது மானிட்டரும் ஏற்கெனவே டிஜிட்டல் என்றால், 3-க்குள் இருக்கும் செட்டைத் தேடுங்கள்.

## படி 6: பேட்டரியும் மின்சாரமும்

1. ஓடும் நேரம். நிறுவனம் சொல்லும் மணி நேரத்தில் மூன்றில் இரண்டு பங்கை மட்டும் கணக்கில் வையுங்கள். ஐந்து மணி நேரம் என்று போட்ட செட்டை நம்பி ஆறு மணி நேரக் கச்சேரிக்குப் போகாதீர்கள்.
2. உள்ளே பதித்த பேட்டரியா? சில வருடங்களில் அதன் தெம்பு குறையும். மாற்றித் தருவார்களா என்று வாங்கும்போதே கேளுங்கள். ஷூர் ஜிஎல்எக்ஸ்-டி செட்டில் லித்தியம் பேட்டரியைக் கழற்றி மாற்றலாம்; உபரி ஒன்று வைத்துக்கொண்டால் கவலையில்லை.
3. சாதாரண ஏஏ செல் போடும் செட். எந்தப் பெட்டிக்கடையிலும் கிடைக்கும் என்பது பெரிய வசதி. ரீசார்ஜ் செல் போட்டால் அது 1.2 வோல்ட்தான், செட்டில் பேட்டரி வகையை மாற்றி வைக்காவிட்டால் பேட்டரி அளவு தவறாகக் காட்டும்.
4. பெடல் வடிவ ரிசீவருக்கு மின்சாரம். அடியில் எழுதியிருக்கும் மில்லி ஆம்பியரைப் பாருங்கள். சாதாரண டிஸ்டார்ஷன் பெடலைவிடப் பல மடங்கு கேட்கும். எல்லாப் பெடலையும் ஒரே வயரில் கோர்த்து மின்சாரம் கொடுத்தால் "ங்ஙீ" என்ற கூச்சல் கேட்கலாம். தனித்தனி வெளியீடுள்ள பவர் சப்ளையில் இணையுங்கள்.

## படி 7: கடையில் பதினைந்து நிமிடம்

1. உங்கள் கிட்டார், உங்கள் கேபிள் இரண்டையும் எடுத்துப் போங்கள்.
2. முதலில் கேபிளில் வாசியுங்கள். பிறகு ஆம்பில் எதையும் தொடாமல் வயர்லெஸில் வாசியுங்கள்.
3. வால்யூமை முழுக்கக் குறைத்து, ஆம்பில் கெயினை ஏற்றி இரைச்சலைக் கேளுங்கள்.
4. சுத்தமான ஒலியில் ஒரு நோட்டை அடித்து அது ஓயும்வரை விடுங்கள். வால் பகுதியில் படபடப்போ திடீர் வெட்டோ இருக்கக்கூடாது.
5. ரிசீவருக்கு முதுகைக் காட்டி நில்லுங்கள். பிறகு கடையின் கோடி வரை நடந்து திரும்புங்கள்.
6. கைப்பேசியில் வைஃபை, புளூடூத் இரண்டையும் போட்டு ரிசீவரின் பக்கத்தில் வைத்து மறுபடி வாசியுங்கள்.
7. செருகு வகை என்றால் கிட்டாரை மாட்டிக் குதித்துப் பாருங்கள். ஜாக் தளர்ந்திருந்தால் டிரான்ஸ்மிட்டர் சுழலும்; அது ஜாக்கின் குறை, வயர்லெஸ் வாங்குவதற்கு முன் சரிசெய்யவேண்டியது.
8. திருப்பிக் கொடுக்கும் காலக்கெடுவைக் கேட்டு, அதற்குள் ஒரு உண்மையான நிகழ்ச்சி வருகிறதா என்று நாட்காட்டியைப் பாருங்கள்.

## மேடையில்: இயக்கும் வரிசை

தொடங்கும்போது

1. ஆம்பின் சத்தத்தைக் குறையுங்கள், அல்லது டியூனரை அழுத்தி மியூட் செய்யுங்கள்.
2. மற்றவர்களின் வயர்லெஸ் எல்லாம் இயங்கட்டும். உங்கள் டிரான்ஸ்மிட்டர் மட்டும் அணைந்திருக்கட்டும்.
3. ரிசீவரைப் போட்டு, ஸ்கேன் வசதி இருந்தால் காலியான சேனலைத் தேட விடுங்கள்.
4. டிரான்ஸ்மிட்டரைப் போட்டு அதே சேனலில் இணையுங்கள்.
5. விளக்கு நிலையானதும் மியூட்டை எடுங்கள்.
6. வாசித்தபடியே, நீங்கள் போகும் எல்லா மூலைக்கும் நடந்து பாருங்கள். ஒலி அறுந்த இடத்தில் தரையில் டேப் ஒட்டுங்கள்.

முடிக்கும்போது வரிசை தலைகீழ்: மியூட், டிரான்ஸ்மிட்டர், கடைசியில் ரிசீவர். மியூட் செய்யாமல் டிரான்ஸ்மிட்டரை அணைத்தால் சில அனலாக் செட்டுகள் ஸ்பீக்கரில் பெரிய இரைச்சலைக் கொட்டும்.

மிக்சர்காரரிடம் கேட்கவேண்டிய மூன்று:

- "அண்ணே, ரூட்டர் 2.4-லயா 5-லயா ஓடுது?" 2.4 என்றால் 5-க்கு மாற்ற முடியுமா என்று கேளுங்கள். உங்கள் கிட்டார் 5.8 செட் என்றால் ரூட்டரை 36 முதல் 48 வரையுள்ள சேனலில் வைக்கச் சொல்லுங்கள். 149-உம் அதற்கு மேலுள்ளவையும் உங்கள் இடத்தில் விழும். பெஹ்ரிங்கர் எக்ஸ்ஆர்18 போன்ற மிக்சரின் உள்ளேயே இருக்கும் வைஃபை 2.4-இல்தான் இயங்கும், அதற்குத் தனி ரூட்டர் போடுவது எல்லாருக்கும் நல்லது.
- "மைக்கெல்லாம் எந்த அலைவரிசை?"
- "காது மானிட்டர் டிரான்ஸ்மிட்டர் எங்க வைக்கிறீங்க?" அது உங்கள் ரிசீவரின் பக்கத்தில் இருக்கக்கூடாது. இரண்டு மீட்டராவது தள்ளி வையுங்கள்.

> குறிப்பு: காலி மண்டபத்தை நம்பாதீர்கள். மனித உடலில் பெரும்பகுதி நீர். 2.4 கிகாஹெர்ட்ஸ் அலையை நீர் நன்றாக உறிஞ்சும். மாலை நான்கு மணிக்குக் காலி நாற்காலிகளுக்கு முன் அருமையாக இருந்த செட், ஏழு மணிக்கு ஆளும் கைப்பேசியும் நிறைந்தபின் தடுமாறலாம். சவுண்ட் செக்கில் எட்டிய தூரத்தில் பாதியைத்தான் நிகழ்ச்சிக்கு நம்பவேண்டும். டிரான்ஸ்மிட்டரைப் பின்பாக்கெட்டில் போடாதீர்கள். உங்கள் உடலே அலையை மறைக்கும். ஸ்ட்ராப்பில், தோளுக்கு அருகில் மாட்டுங்கள்.

## பாதுகாப்பு

1. ஷாக். 1972 மே மாதம் வேல்ஸின் ஸ்வான்சியில், ஸ்டோன் த க்ரோஸ் குழுவின் கிட்டார் கலைஞர் லெஸ் ஹார்வி மேடையில் எர்த் சரியில்லாத மைக்கைத் தொட்டு உயிரிழந்தார். 1976 டிசம்பரில் அமெரிக்காவின் லேக்லேண்டில், கிஸ் குழுவின் ஏஸ் ஃப்ரேலி கையில் கிட்டாரோடு உலோகக் கைப்பிடியைத் தொட்டு ஷாக் வாங்கி உயிர் தப்பினார். அதன்பின் அந்தக் குழு வயர்லெஸுக்கு மாறியது. காரணம் எளிது. கேபிள் இருக்கும்போது உங்கள் கம்பிகள் ஆம்பின் எர்த்தோடு இணைந்திருக்கின்றன. கை கம்பியிலும் உதடு மைக்கிலும் இருக்க, இரண்டின் எர்த் வேறுபட்டால் கரண்ட் உடல் வழியாகப் பாயும். வயர்லெஸ் அந்தப் பாதையை அறுத்துவிடுகிறது.

ஆனால் அறுபடுவது அந்த ஒரு பாதை மட்டும்தான். கோவில் மேடையில் செருப்பைக் கழற்றிவிட்டு, வெறுங்காலால் உலோகப் பெடலை மிதித்துக்கொண்டே மைக்கில் பாடுபவருக்கு ஆபத்து அப்படியே இருக்கிறது. ஆம்பின் குமிழைத் திருப்பும்போதும் அதேதான். எனவே:

- மல்டிமீட்டரை ஏசி வோல்ட்டில் வைத்து, ஒரு முனையை ஆம்புக்குப் போகும் கேபிள் பிளக்கின் உலோகத்திலும், மறுமுனையை மைக்கின் வலையிலும் வைத்து அளந்து பாருங்கள். பூஜ்யத்தை ஒட்டி இருக்கவேண்டும். சில வோல்ட் காட்டினாலே எலெக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்கள். அவர் சரிசெய்யும்வரை எதையும் தொடாதீர்கள்.
- ஹம் வருகிறது என்று பிளக்கின் எர்த் பின்னை உடைப்பதோ, இரண்டு பின் அடாப்டர் போடுவதோ கூடவே கூடாது.
- ஜெனரேட்டரில் ஓடும் திறந்தவெளி மேடையில் எர்த் அடித்திருக்கிறார்களா, கசிவு கண்டால் மின்சாரத்தைத் துண்டிக்கும் 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி இருக்கிறதா என்று கேளுங்கள். தரை ஈரமாக இருந்தால் ரப்பர் அடி செருப்பில்லாமல் ஏறாதீர்கள்.

2. லித்தியம் பேட்டரி. வெயிலில் பூட்டிய காருக்குள் விடாதீர்கள். உப்பியதைத் திரும்பச் சார்ஜ் செய்யாதீர்கள். விமானத்தில் உபரி லித்தியம் பேட்டரியைக் கைப்பையில்தான் கொண்டுபோக வேண்டும்.

3. விளிம்பு. கேபிள் உங்களை இத்தனை நாள் ஒரு வட்டத்துக்குள் கட்டி வைத்திருந்தது. அது போனதும் மேடையின் ஓரம் மறந்துவிடும். விளிம்பில் வெள்ளை டேப் ஒட்டுங்கள். ஸ்ட்ராப் லாக் போடுங்கள்.

## வழக்கமான தவறுகள்

- ரிசீவரை ஆம்பின் பின்னாலோ, இரும்புப் பெட்டிக்குள்ளோ ஒளித்து வைப்பது. ஆன்டெனாவுக்கு உங்களைப் பார்க்க வழி வேண்டும். இரண்டு ஆன்டெனா இருந்தால் வி வடிவில் விரித்து வையுங்கள்.
- நிகழ்ச்சி அன்று புதுச் செட்டைப் பிரிப்பது. குறைந்தது இரண்டு ஒத்திகைக்குப் பிறகே மேடைக்குக் கொண்டுபோங்கள்.
- இரண்டு கிட்டார் கலைஞர்கள் ஒரே சேனலில் நிற்பது. சேனல் எண்ணை டேப்பில் எழுதி அவரவர் டிரான்ஸ்மிட்டரில் ஒட்டுங்கள்.
- இடைவேளையில் சார்ஜ் போட மறப்பது. சாப்பிடப் போகும் முன் சார்ஜ் போடுவது வழக்கமாகட்டும்.
- ஒலி அறுந்ததும் நடு மேடையில் பொத்தான்களை அழுத்திக்கொண்டு நிற்பது. முதலில் ரிசீவரை நோக்கி இரண்டு அடி நடங்கள். திரும்பி வரவில்லையென்றால் கேபிளைப் போடுங்கள். காரணத்தைப் பிறகு தேடலாம்.

## யாருக்கு எது: மூன்று விடைகள்

சர்ச், கஃபே, சிறிய அரங்கு. ஒன்றிரண்டு வயர்லெஸ் மட்டும். 2.4 செருகு வகை. கிட்டாரின் ஜாக் பொருந்தினால் வேறு யோசனை வேண்டாம்.

மெல்லிசைக் குழு, யு.எச்.எஃப் மைக்குகள் பல, ஐந்தாறு மணி நேரம், வாரக் கடைசிகளில் தொடர்ந்து வேலை. 2.4 அல்லது இரட்டை அலைவரிசை பெல்ட்பேக், பெடல் வடிவ ரிசீவர், மாற்றக்கூடிய பேட்டரி. மைக்குகளோடு மோதாமல் கிட்டார் வேறு அலைவரிசையில் இருப்பதே இங்கே பெரிய லாபம்.

பெரிய மேடை, இரண்டு கிட்டார், பேஸ், காது மானிட்டர்கள். டிஜிட்டல் யு.எச்.எஃப். அலைவரிசைத் திட்டத்தை ஒரே ஆள் பொறுப்பேற்று எழுதவேண்டும். அப்படி ஒருவர் இல்லையென்றால் இந்த வகைக்குச் செலவழிக்காதீர்கள்.

## பையில் எப்போதும் இருக்கவேண்டியவை

1. ஆறு மீட்டர் கேபிள், முறுக்கில்லாமல் சுற்றியது
2. பெல்ட்பேக்கின் சிறு கேபிள், உபரி ஒன்று
3. உபரி பேட்டரி அல்லது நான்கு ஏஏ செல்
4. சார்ஜரும் அதன் வயரும்
5. டேப், மார்க்கர் பேனா
6. மல்டிமீட்டர்

கேபிளைப் பையின் அடியில் போடாதீர்கள். ஒரு முனையைப் பெடல்போர்டின் அருகே, கைக்கு எட்டும் தூரத்தில் வைத்துவிட்டுத்தான் முதல் பாட்டைத் தொடங்கவேண்டும். அடுத்த ஒத்திகையில் ஒரு பாட்டின் நடுவில், சொல்லாமல் கொள்ளாமல் டிரான்ஸ்மிட்டரை அணைக்கும்படி நண்பரிடம் சொல்லி வையுங்கள். மியூட் செய்து, செருகி, மறுபடி வாசிக்கத் தொடங்க எத்தனை பார் ஆகிறது என்று எண்ணுங்கள். நான்கு பாருக்குள் முடிகிறவரை இதையே திரும்பத் திரும்பப் பழகுங்கள். அதன்பிறகு வயர்லெஸோடு மேடை ஏறலாம்.